கடல் பக்கத்தில், உப்பு கடையில்

கடற்கரைக்கு அரை மணி நேரப் பைக் தூரத்தில் குடியிருப்பவன் கடல்நீர் மீன்தொட்டி வைத்தால் அவனுக்குத் தண்ணீர்ச் செலவு கிடையாது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். தமிழக, கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் தொட்டியைப் பார்த்ததும், "தண்ணீர் நீரோடியில் இருந்தா, விழிஞ்ஞத்தில் இருந்தா?" என்று கேட்பார்கள். தண்ணீர் எங்கள் மொட்டை மாடியில் பெய்த மழை, உப்பு கடையில் வாங்கிய வாளி உப்பு என்று சொன்னால் சிரிப்பார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான். சிரிப்பவர்களுக்குக் கணக்கு நோட்டை எடுத்துக் காட்டுவேன்.

தொட்டி 2 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், அதே அளவு உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 88 லிட்டர் பிடிக்கும். மேலே விடும் இடைவெளியையும் உள்ளே அடுக்கும் கல்லையும் கழித்தால் நிற்பது 75 லிட்டர். கடல்நீரின் உப்பளவு ஆயிரத்துக்கு 35. செயற்கைக் கடலுப்பில் கொஞ்சம் ஈரமும் சேர்ந்திருப்பதால் லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் வரை கரைக்க வேண்டியிருக்கிறது. முதல் தடவை நிரப்ப 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் போதும். அதன் பிறகு வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால் ஏழரை லிட்டர். அதற்கு 280 கிராம் உப்பு. 20 கிலோ வாளி ஒன்று ஓராண்டைத் தாண்டியும் வரும். வாளிக்கு நான் கொடுத்தது ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய். வாரக் கணக்கில் நூறு ரூபாய்ச் சொச்சம். நீரோடிக்குப் போய்வரும் பெட்ரோல் அதில் பாதியைத் தின்றுவிடும். படகில் இருந்து எடுத்துத் தருகிறவருக்குக் கொடுக்கும் காசு மீதியைத் தின்றுவிடும்.

ஒரே தடவையில் நாலைந்து வாரத்துக்கான தண்ணீரை எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டால், கேள்வி நியாயமானது. பணத்தை மட்டும் பார்த்தால் அப்போது கடல்நீர்தான் மலிவு. ஆனால் எங்கள் கரையில் கடல் பன்னிரண்டு மாதமும் ஒரே தண்ணீராக இருப்பதில்லை. இடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும், ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குக் கரையோரம் ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலே ஏறி வருகிறது. மீன்பிடிக்கு அது கொண்டாட்டம். அந்த நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிறைய இருப்பதால் தாவர மிதவைகள் பெருகும், அவற்றை நம்பி மத்தி வரும். அதே சத்து தொட்டிக்குள் வந்தால் பெருகுவது முடிமுடியாய்ப் படரும் பச்சைப் பாசி. பாறசாலை நண்பர் ஒருவர் ஆடி மாதத் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஓணம் வரை பல் துலக்கும் பிரஷ்ஷால் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசி பிறந்தால் வேறு சிக்கல். தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்தில் குழித்துறை ஆறும், பூவாறு பொழிமுகத்தில் நெய்யாறும் செந்நீரைக் கடலில் தள்ளும். நீரோடி இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. போதாததற்கு, அந்தப் பருவத்தில் வங்கக் கடலின் உப்புக் குறைந்த மேல்நீர் இலங்கையைச் சுற்றிக்கொண்டு மேற்குக் கரைக்கு வந்து சேர்கிறது. மாசி முதல் சித்திரை வரை கிடைக்கும் தண்ணீர்தான் நம்பிக்கைக்குரியது. அதையும் கரையில் நின்று வாளியால் மொள்ளக் கூடாது. நீரோடியில் சிறு படகு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் இதை எனக்குச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: "மக்களே, கரைத் தண்ணீரில் ஊர் முழுவதும் கலந்திருக்கிறது. நிறம் மாறுகிற இடம் தாண்டி எடுத்துத் தருகிறேன், வேண்டுமென்றால் சொல்." அவர் எடுத்துத் தரும் தண்ணீரை நான் அவசரக் கையிருப்பாக மட்டும் வைத்திருக்கிறேன். கடல்நீரைப் பயன்படுத்தியே தீருவேன் என்பவர்கள் உணவுத்தர கேனில் எடுத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, இருட்டான இடத்தில் ஏர் பம்ப் ஓடவிட்டு ஒன்றிரண்டு வாரமாவது வைத்திருக்க வேண்டும். மூடி இறுக்கி மூலையில் வைத்தால் உள்ளிருக்கும் நுண்ணுயிர் மிதவைகள் செத்து அம்மோனியாவாக மாறும். திறந்தவுடன் மூக்கே சொல்லிவிடும். ஊற்றுவதற்கு முன் உப்பளவையும் அம்மோனியாவையும் பார்க்காமல் ஊற்றவே கூடாது.

உப்பு கடையில் என்றால், அதைக் கரைக்கும் நன்னீர் எங்கிருந்து? செலவு உண்மையில் ஒளிந்திருப்பது இங்கேதான். குழாய் நீரில் குளோரின், கிணற்று நீரில் இரும்பும் நைட்ரேட்டும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் போதுமே என்று தோன்றும். ஆனால் குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று அதில் தாது சேர்க்கும் குழாய் ஒன்றை வைத்திருப்பார்கள். நீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்தால் எங்கள் வீட்டில் 50க்கு மேல் காட்டியது. தொட்டிக்கு வேண்டியது 10க்குள், பூச்சியமானால் உத்தமம். அந்தத் தாதுக் குழாயைக் கழற்றி, கடைசியில் மிச்ச உப்பையும் உறிஞ்சும் ரெசின் குழாய் ஒன்றைப் பொருத்தினால் வேலை முடியும். ஆனால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவு ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க மனம் வரவில்லை. அதுவும் இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில்.

ஆகவே மழைநீர். கான்கிரீட் மாடியைப் பெருக்கிக் கழுவிவிட்டு, முதல் இரண்டு மூன்று நல்ல மழையை ஓடவிட்டு, அதன் பிறகு பெய்வதை நீல டிரம்மில் பிடிக்கிறேன். முதல் மழையில் மீட்டர் 60ஐத் தொட்டது. அடித்துப் பெய்த மூன்றாவது மழையில் 8க்கு இறங்கியது. கரித்தூள் வடிகட்டியில் ஒருமுறை விட்டு இருட்டில் மூடி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கிறது. தகரக் கூரையில் வழிந்த தண்ணீர் வேண்டாம், துத்தநாகம் வரும். தென்னை மட்டை அழுகிக் கிடக்கும் ஓட்டுக் கூரைத் தண்ணீரும் வேண்டாம்.

எங்கள் பகுதிக்கே உரிய ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். ரப்பர் தோட்டங்களில் மழைக்கால இலையுதிர்வு நோயைத் தடுக்க இடவப்பாதிக்கு முன்னால் செம்பு கலந்த மருந்து தெளிப்பார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அதில் ஒன்று. செம்பு மிகச் சிறிய அளவிலேயே இறாலையும் நத்தையையும் பவள உயிர்களையும் கொன்றுவிடும். டி.டி.எஸ். மீட்டர் உப்புகளின் மொத்தத்தைக் காட்டுமே தவிர, அதில் செம்பு இருக்கிறது என்று தனியாகச் சொல்லாது. பக்கத்தில் தோட்டம் இருப்பவர்கள் ஜூன் மழையைச் செடிக்கு விட்டுவிட்டு, ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடிப்பதே சரி. நானும் அப்படித்தான் செய்கிறேன்.

தண்ணீருக்கு இவ்வளவு எழுதக் காரணம் உண்டு. கண்ணாடியும் வெல்டிங் செய்த ஸ்டாண்டும் சேர்ந்து மார்த்தாண்டத்தில் எனக்கு ஆனது ஐயாயிரத்து ஐந்நூறு. உப்பும் சோதனைக் கருவிகளும் சேர்ந்து பதின்மூன்றாயிரத்தைத் தாண்டின. திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாக எழுதுகிறார்கள். உப்பளவைப் பார்க்க மிதவைக் கருவி இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதன் முள்ளில் ஒரு குமிழி ஒட்டினால் கணக்கு மாறிவிடும். ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, 35 என்று குறித்த திரவத்தில் சரிபார்த்துப் பயன்படுத்துவதில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், காரத்தன்மை ஆகிய நான்கு சோதனைகள் முதல் ஆண்டுக்குப் போதும். கால்சியம், மெக்னீசியம் என்று கடைக்காரர் அடுக்கினால், கல் பவளம் வளர்ப்பவர்களுக்குத்தான் அது என்று சொல்லிவிட்டு வரலாம்.

கல் பவளம் என்றதும் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் பாறை கட்டும் கல் பவளங்கள் அனைத்தும் 2001இல் சேர்க்கப்பட்டன. கரும்பவளம், நெருப்புப் பவளம், குழல் பவளம், கடல் விசிறி எல்லாம் அதே பட்டியலில். கடல் குதிரை, கடல் அட்டை, ராட்சத மட்டி வகைகள் சிலவும் பாதுகாக்கப்பட்டவை. முதல் அட்டவணையில் உள்ள பவளங்களுக்குப் புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு உண்டு. மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. செத்துக் கரை ஒதுங்கிய பவளத் துண்டு என்றாலும் சட்டத்தின் கண்ணில் அது பவளமே. கன்னியாகுமரிப் பக்கம் யாராவது பழைய பவளக் கல்லை மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். விழிஞ்ஞம் பாறைகளில் இருந்து எதையும் பெயர்த்து வராதீர்கள். வெளிநாட்டில் இருந்து முறையாக வந்த கல் பவளத்துக்கும் அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் (சைட்டிஸ்) தாள்கள் வேண்டும். அதை வைத்திருப்பவர் பதிவும் செய்ய வேண்டும். இந்தத் தலைவலிக்கும், அவை கேட்கும் விளக்குக்கும், தினசரி கால்சியம் மருந்துக்கும் சேர்த்து ஒரே பதில்தான் என் திட்டத்தில் இருந்தது: கல் பவளமே இல்லை. காளான் பவளமும் சோவாந்தஸ் என்னும் பொத்தான் பவள வகையும் கல் எலும்புக்கூடு இல்லாதவை, விலை குறைந்தவை, வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பொறுத்துக்கொள்பவை. அவற்றுக்கும் ரசீது கேட்டே வாங்கினேன்.

கடலில் இருந்து எடுத்த, நுண்ணுயிர்கள் குடியேறிய உயிர்ப்பாறை கூடாது என்றானபின், கல்லை வீட்டிலேயே வார்த்தேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஆகவே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வெள்ளைச் சிமெண்ட் ஒரு பங்கு, கிளிஞ்சல் குருணை மூன்று பங்கு, கல்லுப்பு இரண்டு பங்கு. கிளிஞ்சல் குருணைக்கு எங்கும் அலைய வேண்டாம். முட்டைக்கோழிக்குப் போடுவதற்காகக் கோழித்தீவனக் கடையில் மூட்டையாக இருக்கும். பிடி பிடித்தால் நிற்கிற அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்துப் பிசைய வேண்டும். தண்ணீர் அதிகமானால் உப்பு அப்போதே கரைந்து கல் அடைத்துக்கொள்ளும். அட்டைப்பெட்டியில் ஈர மணலைக் கொட்டி, கையால் குழி பறித்து, அதில் கலவையைத் தாறுமாறாகப் போட்டேன். நடுவில் விரல்விட்டுக் குகை செய்தேன். ஒழுங்காக வார்த்தால் தொட்டிக்குள் அது கட்டடச் சிதிலமாகத்தான் தெரியும். இரண்டு நாள் ஈரச் சாக்கால் மூடி இறுகவிட்டபின் தண்ணீரில் போட்டால், உப்பு கரைந்து கல் முழுவதும் துளைகளாகும். அந்தத் துளைகளில்தான் நாளைக்கு நுண்ணுயிர்கள் குடியேற வேண்டும்.

புதுச் சிமெண்டின் காரம் கொடியது. ஊறவைத்த தண்ணீரின் பி.எச். 11, 12 என்று ஏறி நிற்கும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது. சில நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, இரண்டு மாதமாவது ஊறவிட்டேன். புதுத் தண்ணீரில் இரண்டு நாள் கிடந்த பிறகும் பி.எச். 8.4ஐத் தாண்டாத நிலை வந்த பிறகே தொட்டிக்குப் போனது. "கழுவிக் கழுவிச் சிமெண்டை வெள்ளையாக்கப் பார்க்கிறாரோ" என்று மனைவி பக்கத்து வீட்டில் சொன்னது எனக்கும் கேட்டது. எட்டு கிலோ கல்லுக்கு ஆன செலவு நானூறு ரூபாய்க்குள்.

மணலுக்குக் கடற்கரை இருக்கிறதே என்பார்கள். எங்கள் கரை மணலின் கதை ஊரறிந்தது. மணவாளக்குறிச்சியில் இந்திய அரு மண் ஆலை இருப்பதே இந்தக் கருமணலில் இல்மனைட்டும் மோனசைட்டும் இருப்பதால்தான். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அள்ளுவதற்குச் சட்டத் தடை ஒரு பக்கம். அள்ளினாலும் அது சுண்ணாம்பு மணல் அல்ல, கடல்நீரின் காரத்தன்மைக்கு ஒரு துளி உதவியும் செய்யாது. நான் கிளிஞ்சல் குருணையையே நன்றாகக் கழுவி, விரற்கடை உயரத்துக்குப் பரப்பிவிட்டேன். ஒன்றும் போடாமல் வெறும் கண்ணாடித் தரையாக விட்டாலும் குற்றமில்லை, சுத்தம் செய்வது எளிது.

வெளிச்சத்தைப் பற்றிச் சுருக்கமாக: மென்மையான வகைகளுக்கு நீலமும் வெள்ளையும் கலந்த 50 வாட் எல்.இ.டி. ஒன்று, நாளுக்கு எட்டு மணி நேரம், டைமரில். ஜன்னல் வெயில் தொட்டியில் படக் கூடாது. அவ்வளவுதான்.

நீரோட்டத்துக்குச் சின்ன வேவ் மேக்கர் ஒன்று. மணிக்குத் தொட்டி நீரைப் பத்துப் பதினைந்து தடவை புரட்டுகிற வேகம் போதும். பின்பக்கம் மாட்டும் தொங்கு ஃபில்டரில் பஞ்சை மட்டும் வைத்து வாரம் இருமுறை கழுவுகிறேன். நுரைபிரிக்கும் ஸ்கிம்மர் வாங்கவில்லை. இந்த அளவுத் தொட்டியில் மீன் குறைவாக இருந்து, வாராந்தரத் தண்ணீர் மாற்றம் தவறாமல் நடந்தால் அது இல்லாமலே ஓடும். தொட்டிக்கு அடியில் இன்னொரு தொட்டி வைக்கும் சம்ப் முறையும் தேவையில்லை. குழாய் இணைப்பு கூடக்கூட ஒழுகும் இடமும் கூடும்.

இனி வெப்பம். உலகின் வேறு இடங்களில் எழுதப்படும் குறிப்புகள் ஹீட்டரில் தொடங்கும். நமக்கு ஹீட்டர் வாங்கும் செலவு மிச்சம். அதைப்போல் பல மடங்கு விலையுள்ள, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர்தான் பங்குனியில் கண்முன் வந்து நிற்கும். பவளத் தொட்டிக்கு 25 முதல் 27 டிகிரி சுகம், 28, 29 தாங்கும். 31 நீடித்தால் காளான் பவளம் வெளுக்கத் தொடங்கும். வெப்பம் கூடக்கூட நீரில் கரையும் ஆக்சிஜனும் குறைகிறது. உப்பு நீரில் அது ஏற்கெனவே நன்னீரைவிடக் குறைவு. தண்ணீரின் மேல்பரப்பில் காற்று படும்படி கம்ப்யூட்டர் விசிறி இரண்டை மாட்டினால், ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி இறங்குகிறது. தொட்டியை வடக்குச் சுவரோரம், தரைத்தளத்தில் வைத்தது இன்னொரு டிகிரி தந்தது. மேல்மாடி அறையில் வைத்திருந்தால் விசிறியால் ஒப்பேற்றியிருக்க முடியாது. வாங்குவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரை நினைத்த இடத்தில் வைத்து, சித்திரை மதியத்தில் வெப்பமானியை விட்டுப் பாருங்கள். அந்த எண் 32ஐத் தாண்டினால் இடத்தை மாற்றுங்கள்.

விசிறிக்கு ஒரு விலை உண்டு. எங்கள் தொட்டியில் அது தினமும் ஒன்று முதல் ஒன்றரை லிட்டரை ஆவியாக்குகிறது. போவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே தங்கும். ஒன்றரை லிட்டர் குறைந்தால் 35 இருந்த உப்பளவு 35.7 ஆகும், மூன்று நாள் கவனிக்காவிட்டால் 37ஐத் தாண்டும். ஈடுசெய்ய ஊற்றுவது நன்னீராக இருக்க வேண்டும், உப்புநீராக அல்ல. ஏர்கூலருக்குப் போடும் சின்ன மிதவை வால்வை ஒரு மழைநீர் வாளியோடு இணைத்து, உயரத்தில் வைத்துவிட்டேன். இதற்கென்று விற்கும் மின்னணுக் கருவியின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

மின்வெட்டு இதைவிட மோசமான எதிரி. வேவ் மேக்கர் நின்றால் மேல்நீர் புரள்வது நின்றுவிடும். வெயில் நாளில் சில மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு, ஆனால் புயல் மழையில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் அது போதாது. தூண்டில்காரர்கள் உயிர் இரை வைத்திருக்கப் பயன்படுத்தும் பேட்டரி ஏர் பம்ப் எழுநூறு ரூபாய். மின்சாரம் நின்றதும் தானாக ஓடத் தொடங்கும் வகையாகப் பார்த்து வாங்கினேன். மொத்தத் திட்டத்தில் இதைவிடப் பயனுள்ள எழுநூறு ரூபாய் இல்லை. கூடவே மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் கட்டாயம். உப்புத் துளி வயரில் வழிந்து பிளக்குக்குள் போகாமல் இருக்க, ஒவ்வொரு வயரையும் சாக்கெட்டுக்குக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்ற வேண்டும். விளக்கு, விசிறி, வேவ் மேக்கர், ஃபில்டர் எல்லாம் சேர்ந்து நாளுக்கு முக்கால் யூனிட்டுக்கு மேல் போகிறது; மாதம் 24 யூனிட் என்று நோட்டில் இருக்கிறது.

எல்லாம் மாட்டியபின் உடனே மீன் விடக் கூடாது என்பது தெரிந்த செய்திதான். கடல்நீரில் அது ஏன் இன்னும் கடுமை என்றால், பி.எச். 8.2இல் அம்மோனியாவின் நச்சு வடிவம் நன்னீர்த் தொட்டியில் இருப்பதைப்போல் பல மடங்கு. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லில் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அவற்றுக்குத் தீனியாகச் செத்த இறாலைப் போடுகிறவர்கள் உண்டு, வீடு நாறும். ஆய்வகத் தர அம்மோனியம் குளோரைடு, அதாவது சுத்தமான நவச்சாரம், 75 லிட்டருக்கு அரை கிராம் போட்டால் அம்மோனியா 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவில் வரும். பாக்டீரியாவுக்கு பாட்டில் வாங்கவில்லை. பாறசாலை நண்பரின் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டை வாங்கிவந்து கல்லருகே வைத்தேன். அரை கிராம் போட்ட மறுநாள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம் காட்டினால் தொட்டி தயார். இடையில் கல்லெல்லாம் பழுப்புத் தூள் படரும். சிலிக்காவைத் தின்று வளரும் டயாட்டம் என்ற நுண்பாசி அது. தானாகப் போய்விடும், அதற்கு மருந்து வாங்கித் தராதீர்கள்.

திருவனந்தபுரத்தில் நான் போகும் கடைச் சேட்டன் இந்த விஷயத்தில் கண்டிப்பானவர். பரிசோதனை எண்களைக் கேட்காமல் மீன் தரமாட்டார். முதலில் நத்தைகள், பின் ஒரு மாதம் கழித்து மீன் என்பது அவர் முறை. நத்தைகள் பாசியைத் தின்று பிழைத்தால் தண்ணீர் சரியென்று பொருள். சென்னைக் கொளத்தூர்ச் சந்தையில் வகைகள் அதிகம், விலையும் குறைவு. ஆனால் அங்கிருந்து ரயிலில் ராத்திரி முழுவதும் ஆக்சிஜன் பையில் வரும் மீனுக்கு ஏற்படும் களைப்பை விலையில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மீன் என்றால் இந்தத் தொட்டிக்கு மூன்று, அதுவும் சின்னது. நான் விட்டது கோமாளி மீன் ஜோடியும் கோபி என்ற சின்ன மீன் ஒன்றும். கோமாளி மீனைத் தொட்டியிலேயே பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையங்கள் உருவாக்கியிருக்கின்றன. ஆகவே கடலில் பிடித்ததை வாங்க வேண்டிய அவசியம் இல்லை. பண்ணைக் குஞ்சு உலர் தீனிக்குப் பழகியிருக்கும், நோயும் குறைவு. இரண்டு சின்னக் குஞ்சுகளாக வாங்கினால் ஆண் பெண் பார்க்கத் தேவையில்லை. எல்லாம் முதலில் ஆண்தான். இரண்டில் பெரிதாகி அதிகாரம் செய்வது பெண்ணாக மாறிவிடும். கடலில் அவை குடியிருக்கும் கடல் சாமந்தி இல்லாமலும் அவை நன்றாகவே வாழ்கின்றன. சாமந்திக்கு முதிர்ந்த தொட்டியும் வலுவான விளக்கும் வேண்டும், அது நடந்து போய் வேவ் மேக்கரில் மாட்டிக்கொண்டு மொத்தத் தொட்டியையும் கெடுக்கும். மலிவாகக் கிடைக்கும் நீல டாம்சல் மீனையும் தவிர்க்கச் சொல்வேன். மூன்று மாதத்தில் அது தொட்டியின் ரவுடி.

புது மீனைத் தனி பிளாஸ்டிக் தொட்டியில் நான்கு வாரம் வைப்பது கட்டாயம். வெள்ளைப்புள்ளி நோய் பிரதானத் தொட்டிக்குள் வந்துவிட்டால், அங்கே செம்பு மருந்து போட முடியாது. மீனையெல்லாம் பிடித்து வெளியே வைத்து, இரண்டரை மாதம் தொட்டியை மீன் இல்லாமல் ஓடவிட வேண்டும்.

சோவாந்தஸ் பற்றி ஓர் எச்சரிக்கை. சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டக் கூடாது. அது ஒட்டிய கல்லை வெந்நீர் ஊற்றியோ கொதிக்கவைத்தோ சுத்தம் செய்யக் கூடாது. ஆவியைச் சுவாசித்து வீட்டார் எல்லாரும் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் உண்டு. வேண்டாத பாசியையோ மீனையோ கடலில் கொண்டுபோய் விடுவதும் கூடாது. மத்தியதரைக் கடலில் 1984இல் மொனாக்கோ அருகே தென்பட்ட காலெர்ப்பா பாசி மீன்காட்சிச்சாலையில் இருந்து தப்பியது என்றே கருதப்படுகிறது. பிறகு அது ஆயிரக்கணக்கான ஏக்கர் கடற்படுகையை மூடிவிட்டது. மிஞ்சியதை நான் வெயிலில் காயவைத்துத் தென்னைக்குப் போடுகிறேன்.

உயிர்களும் சேர்த்து மொத்தச் செலவு முப்பத்தைந்தாயிரத்துக்குள் நின்றது. அதை எட்டு மாதச் சம்பளத்தில் பிரித்துப் போட்டேன். சிமெண்ட் ஊறும் மாதங்களில் கருவிகளும், தொட்டி தயாராகும் மாதங்களில் உயிர்களுக்கான பணமும் சேர்ந்துகொண்டிருந்தன. காத்திருக்க வேண்டிய காலமும் பணம் சேரும் காலமும் ஒன்றாக ஓடியதால் அவசரம் தெரியவில்லை.

ஊருக்குப் போகும்போது என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். மிதவை வால்வு தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும், டைமர் விளக்கைப் பார்த்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாள் பட்டினி மீனுக்கு ஒன்றும் செய்யாது. அதற்கு மேல் என்றால், வாரத்துக்கான மாத்திரை டப்பாவில் நாளுக்கு ஒரு சிட்டிகை தீனியைப் பிரித்து வைத்து, பக்கத்து வீட்டு மாமியிடம் கொடுக்கிறேன். மாமிக்கு மீன்கள் எப்போதும் பசியோடு இருப்பதாகவே தோன்றும். மீதித் தீனி டப்பாவை பீரோவில் பூட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன்.